ஜனவரி முப்பதும் தைப் பௌர்ணமியும்

சங்கு ஊதுகிறது. நகராட்சிச் சங்கு. முதலில் தொண்டையைக் கனைத்துக்கொள்வது போல ஓர் உறுமல், அப்புறம் மேலே மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே கொஞ்சம் நின்று, இறங்க மனமில்லாமல் இழுத்து இழுத்து இறங்கும். வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்து ஜன்னலுக்கு வருவதற்குள் பாதி காற்றில் கரைந்துவிடும். மிச்சப் பாதிக்கு நாங்கள் எழுந்து நிற்போம். யாராவது ஒருவர் மின்விசிறியை நிறுத்துவார். விசிறி நின்ற பிறகுதான் அறையில் எத்தனை பேர் மூச்சு விடுகிறோம் என்று தெரியும்.

ஜனவரி முப்பது, காலை பதினோரு மணி. தேசத்தந்தை சுடப்பட்ட நாள், அதனால் தியாகிகள் தினம். தீண்டாமை கூடாது என்று அவர் சொன்னதால் அன்றைக்கே தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. தொழுநோயாளியின் புண்ணைத் தன் கையால் கழுவினார் என்பதால் அன்றைக்கே தொழுநோய் ஒழிப்பு தினம். மௌனம் முடிந்ததும் வலது கையை முன்னால் நீட்டி நிற்போம். நீட்டிய கை தாழாமல் ஒன்று முடிந்து இன்னொன்று. "ஒரு சாவுக்கு மூணு காரியம்" என்று என் பக்கத்து மேஜைக்காரர் வாயை அசைக்காமல் சொல்வார். வருஷா வருஷம் சொல்வார். நானும் வருஷா வருஷம் சிரிப்பை அடக்குவேன்.

ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில் எதை நினைக்க வேண்டும் என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. தியாகிகளை நினைக்கச் சொல்கிறார்கள். நினைக்கிறேன். நினைக்க ஆரம்பித்ததும் ஒரு முழங்கை வந்துவிடுகிறது. இடது முழங்கை. அதற்குக் கொஞ்சம் மேலே வெற்றிலை வடிவில் வெளிறிப்போன ஓர் இடம். என் அக்காவுடையது. துப்பாக்கிக்கும் வெற்றிலைக்கும் நடுவில் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். அங்கே இந்தச் சங்கு கேட்காது. டவுன் மலைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம், நடுவில் மலை. டவுனில் மணி பதினொன்று அடித்தால் அது எங்களுக்கு வந்து சேர வழியில்லை. மாவட்டம் பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த சமயம். நான் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். புது மாவட்டம் என்பதால் எல்லா தினங்களையும் புதிதாகக் கட்டிய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல விடாமல் அடித்தார்கள். எழுத்தறிவு தினம், எய்ட்ஸ் தினம், கொடி நாள். கிரிவலப் பாதையை ஒட்டியிருந்த பள்ளிக்கூடத்து வாசலில் ஒரே பேனர் துணிதான். ஒரு தினம் முடிந்ததும் திருப்பிப் போட்டு பின்பக்கத்தில் அடுத்த தினத்தை எழுதுவார்கள். வெயில் பட்டால் முன்னதும் பின்னதும் சேர்ந்து தெரியும். ஒரு தினத்தின் வழியாக இன்னொரு தினத்தைப் படிக்கலாம்.

அக்கா அந்த ஊர் பால்வாடி டீச்சர். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, பாட்டுச் சொல்லி, சத்துருண்டை கொடுத்து, மத்தியானம் தூங்கவைத்து அனுப்புகிற வேலை. வயது இருபத்தேழு. அந்த வயது எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வெளுப்பு எப்போது வந்தது என்று தெரியாது. புளியங்கொட்டை அளவில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அரிக்காது, உதிராது. அம்மா அதைத் தேமல் என்றாள். பூவரசங்காயை உடைத்து அந்த மஞ்சள் பாலைத் தேய்த்துவிடுவாள். வெற்றிலை மஞ்சளாகும், குளித்தால் மறுபடி வெளுக்கும்.

ஒரு நாள் அடுப்படியில் அக்கா தோசைக்கல்லைத் தாண்டி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். முழங்கைக்கு மேல் அந்த வெளுத்த இடம் கல்லின் விளிம்பில் பட்டது. பட்டபடியே நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். தீய்ந்த வாடை எனக்குத்தான் முதலில் வந்தது. கையை இழுத்துப் பார்த்தபோது கொப்புளம் எழும்பியிருந்தது. "அட" என்றாள். சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். நாங்கள் இரண்டு பேரும் அதற்கப்புறம் தோசையைப் பற்றிப் பேசினோம்.

தை மாதம் ஒரு வரன் வந்தது. செங்கம் பக்கம். பையன் பஸ் கண்டக்டர். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு என்று எடுக்கிற போட்டோவில் யாரும் சிரிக்க மாட்டார்கள், அதனால் அக்காவுக்குப் பிடித்துவிட்டது. எங்களிடம் சொல்லவில்லை. போட்டோவை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

பெண் பார்க்கப் பௌர்ணமியன்று வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் இது ஒரு வசதி. கிரிவலம் வருகிற சாக்கில் பெண் பார்த்துவிடலாம். பிடித்தால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லை, சாமி கும்பிட வந்தோம், வழியில் தண்ணீர் குடித்தோம், நடந்தோம். அடி அண்ணாமலையில் பல பெண்கள் தாங்கள் பார்க்கப்பட்டதே தெரியாமல் பார்க்கப்பட்டு, வேண்டாம் என்று விடப்பட்டிருக்கிறார்கள்.

அந்த வருஷம் தைப் பௌர்ணமியும் ஜனவரி முப்பதும் ஒன்றாக வந்தன. எல்லாக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பம். அம்மாவின் கணக்கில் பௌர்ணமி என்றால் நிலா. நிலா எழும்பினால்தான் பௌர்ணமி. அதனால் மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருவார்கள் என்று முடிவு கட்டி, முழங்கைக்குக் கீழே வரை கை வைத்த ரவிக்கை ஒன்றை டெய்லரிடம் தைத்து வாங்கி மடித்து வைத்திருந்தாள். சாயங்காலத்துக்குக் கேசரி, வடை. அப்பா மல்லாட்டை மூட்டைகளோடு விடிகாலையிலேயே கடலை ஏலம் போடுகிற கமிட்டிக்குப் போயிருந்தார், நாலு மணிக்குள் வந்துவிடுவார்.

காலையில் பள்ளிக்கூடத்தில் தொழுநோய் முகாம். தோலில் வெளுத்த இடம் இருப்பவர்கள் வந்து காட்ட வேண்டும். வீடு வீடாகப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தது அக்காதான்.

"நீ போவாத" என்றாள் அம்மா. "சாயங்காலம் பாக்க வர்றாங்க. காலையில அங்க போயி நிக்கறதா?"

"நாந்தான எல்லாரையும் வரச் சொன்னேன். நானே போவலன்னா?"

"பேரு குடுத்துட்டு வந்துடு. கைய எங்கியும் நீட்டாத."

"சரிம்மா."

"இன்னா சரிம்மா. தேமல் அது. தேமலுக்கு முகாமு கெடையாது."

நான் கூடப் போனேன். என் குரல் மைக்கில் நன்றாகக் கேட்கும் என்று தலைமையாசிரியர் உறுதிமொழி வாசிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். பேனருக்குக் கீழே பெஞ்சு போட்டு, பெஞ்சின் மேல் தேசத்தந்தையின் படம், படத்துக்குக் கதம்பம், முன்னால் ஊதுபத்தி. இந்தப் பக்கம் மைக். அந்தப் பக்கம் புங்கமர நிழலில் ஒரு ஸ்டூல். தொழுநோய்ப் பிரிவு ஊழியர் சைக்கிளில் வந்து இறங்கி, தகரப்பெட்டியைத் திறந்து, பஞ்சை எடுத்து நுனியைத் திரியாகத் திரித்துக்கொண்டிருந்தார். பாதையில் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. ராத்திரியே நடக்க ஆரம்பித்து ஓய்ந்தவர்கள், விடிந்து நடக்க ஆரம்பித்தவர்கள்.

"யாருமா மொதல்ல?" என்றார் ஊழியர்.

யாரும் இல்லை. பெண்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். ஒருத்தி இன்னொருத்தியைத் தள்ளினாள். அவள் திரும்பித் தள்ளினாள்.

"டீச்சரு உக்காரட்டும் மொதல்ல" என்றது ஒரு குரல். "அதுதான கூட்டியாந்துச்சு."

"ஆமா. டீச்சருக்கு மட்டும் தோலு வேறயா?"

சிரிப்பு. பால்வாடிப் பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையை அவளே மேலே சுருட்டினாள்.

"கண்ண மூடிக்கோம்மா. எங்க தொடறேனோ அங்க விரல வெச்சிக் காட்டு."

பஞ்சுத் திரி மணிக்கட்டில் பட்டது. அக்காவின் விரல் மணிக்கட்டுக்குப் போனது. புறங்கை, சரி. தோள், சரி. பெண்கள் இதை ஒரு விளையாட்டாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி தன் குழந்தையின் கன்னத்தை முந்தானை நுனியால் தொட்டு "எங்க? எங்க?" என்றாள். ஊழியர் வெற்றிலைக்கு வந்தார். தொட்டார். விரல் நகரவில்லை. மறுபடி தொட்டார். கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே. அக்கா கண்ணை மூடியபடி, முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருக்க, அடுத்த தொடலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அது வந்து போய்விட்டது என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

"டங்." தலைமையாசிரியர் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை அடித்துவிட்டார். அவர் கைக்கடிகாரத்தில் பதினொன்று. சங்கு கேட்காத ஊரில் அதுதான் பதினொன்று.

அக்கா கண்ணைத் திறந்தாள். "முடிஞ்சிதுங்களா?"

"முடிஞ்சிதும்மா. அப்புறம் சொல்றேன், எழுந்து நில்லு."

எல்லாரும் தலை குனிந்தோம். அந்த இரண்டு நிமிஷம்தான் இன்றுவரை எனக்கு முடியவில்லை. நான் குனிந்த தலையோடு ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். அவள் வலது கையால் இடது முழங்கையை மெல்லத் தடவி, நிறுத்தி, நகத்தால் அழுத்தி, மறுபடி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பாதையில் போனவர்கள் நின்றார்கள். கிரிவலப் பாதையில் நாலு பேர் சேர்ந்து கண்ணை மூடி நின்றால் அது பூசை. மாலை போட்ட படம் இருக்கிறது, ஊதுபத்தி புகைகிறது, வேறென்ன வேண்டும்? முதலில் ஒரு குடும்பம் நின்றது. அவர்கள் நிற்பதைப் பார்த்து இன்னொன்று. ஒரு கிழவர் படத்துக்கு முன்னால் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். தலைமையாசிரியர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மௌனத்தில் பேசக்கூடாது என்பதால் ஒன்றும் சொல்ல முடியாமல் மறுபடி மூடிக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர்கள் முப்பது நாற்பது பேர் இருந்த இடத்தில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

மறுபடி "டங்." மைக் முன்னால் என்னைத் தள்ளினார்கள். என் கையில் இரண்டு தாள்.

"எது மொதல்ல சார்?"

"எதுவா இருந்தா இன்னா. ரெண்டயும் படிச்சிடு. ஜனம் கலையறதுக்குள்ள."

நான் படிக்கப் படிக்க அவர்கள் கை நீட்டித் திரும்பச் சொன்னார்கள். சாதியின் பேரால் யாரையும் தாழ்த்த மாட்டேன் என்றார்கள். தொழுநோய் கண்டவரை ஒதுக்க மாட்டேன் என்றார்கள். என் வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் மறைக்க மாட்டேன், பிறரை மறைக்கத் தூண்ட மாட்டேன் என்ற வரியில் என் குரல் எங்கோ போய்விட்டது. ஆனால் கூட்டத்தின் குரல் நிற்கவில்லை. முன்வரிசையில் பருத்த உடம்போடு ஓர் அம்மா, செருப்பை மஞ்சள் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லாரையும் விடச் சத்தமாக, நான் விட்ட 'மாட்டேன்' என்ற வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார். பக்கத்தில் காக்கி உடுப்பில் ஒருவன், கண் சிவந்து, பாதித் தூக்கத்தில் கை நீட்டியிருந்தான். இரண்டாவது தாள் முடிந்ததும் கூட்டம் ஒரே குரலில் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது. தலைமையாசிரியரும் சொன்னார். வாய் தானாக வந்துவிட்டது என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா பூசம்மா இது? நல்லா இருந்திச்சி. இந்த ஊர்ல பால்வாடி டீச்சரு வீடு எங்க இருக்குது?"

காக்கி உடுப்பைப் பார்த்தேன். போட்டோவில் இருந்த சிரிப்பு, தூக்கம் கலந்து. அக்கா எனக்கு ஒரு கை தூரத்தில், சுருட்டிய ரவிக்கைக் கையோடு நின்றாள். ஊழியர் அவளிடம் அப்போதுதான் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்திருந்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஒரே ஒரு இடம்தான், ஆறு மாசம் மாத்திரை, நிறுத்தாமல் சாப்பிட்டால் போய்விடும், கை கால் ஒன்றும் ஆகாது.

"நாந்தாங்க" என்றாள் அக்கா.

வீட்டுக்குள் அம்மா உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு. "சாயங்காலம்னு இல்ல நெனச்சேன்" என்றாள், பாயை எடுக்கவா கையைக் கழுவவா என்று தெரியாமல்.

"பௌர்ணமி மதியத்தோட விட்டுடுதும்மா. காலண்டர்ல போட்டிருக்கான். விட்டப்புறம் வந்து இன்னா பிரயோசனம்?" என்றார் அந்த அம்மா.

"நிலா வர்றதுதானங்க பௌர்ணமி?"

"ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க" என்றான் கண்டக்டர். "ராத்திரி பூரா ஸ்பெஷல் வண்டி. எனக்கு நிலா எது, ட்யூப்லைட் எதுன்னே தெரியல. சாயங்காலம் மறுபடி டூட்டி. அதான் காலையிலயே வந்துட்டோம்."

அக்கா உள்ளறைக்கு வந்ததும் அம்மா மடித்து வைத்திருந்த ரவிக்கையை எடுத்து அவள் கையில் திணித்தாள். அக்கா அதை வாங்கிக் கொடியில் போட்டுவிட்டு, முகாமுக்குப் போட்டுப்போன அதே உடுப்போடு தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் ரவிக்கையைப் பார்த்தேன்.

அக்கா சொம்பைக் கொடுத்தாள். உட்காரவில்லை.

"ஒரு விஷயம் சொல்லிடறேங்க. இப்பதான் முகாம்ல பாத்தாங்க. கையில இருக்குது. ஆறு மாசம் மாத்திரை சாப்புடணும்னு சொன்னாங்க."

"தேமலுங்க" என்றாள் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து.

"தேமல் இல்லீங்க."

இந்த மௌனத்துக்கு யாரும் தண்டவாளம் அடிக்கவில்லை. கண்டக்டர் சொம்பை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். அடுத்த நொடி குடித்தான். முழுதும் குடித்தான். அதை நான் பார்த்தேன். அவன் அதை யோசித்துக் குடித்தானா, தாகத்தில் குடித்தானா, எனக்குத் தெரியாது.

அந்த அம்மா, "கிட்ட வா" என்றார். அக்கா போய் முன்னால் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். தன் கட்டை விரலை நேராக அந்த வெற்றிலையின் நடுவில் வைத்து அழுத்தினார்.

"தெரியுதா?"

"இல்லீங்க."

"இங்க?"

"அங்க தெரியுது."

அவர் கையை விடவில்லை. பிடித்தபடியே பேசினார். "எங்க மாமியாருக்கு இருந்திச்சி. அப்போ இந்த மாத்திரல்லாம் ஏது? விரலு போயிடிச்சி. கடைசி வரைக்கும் நாந்தான் ஊட்டினேன். எனக்கு ஒண்ணும் ஆவல. சீக்குக்கு நான் பயப்படல தாயி. ஆனா ஊருக்குத் தெரிஞ்ச அன்னிலருந்து எங்க கெணத்துல ஒருத்தரும் தண்ணி எடுக்கல. என் வீட்டுக்காரரு கூடப் பொறந்தவளுக்குக் கல்யாணமே ஆவல. அதுக்குத்தான் பயம்."

"இப்ப அப்படி இல்லீங்க" என்றாள் அக்கா.

"இப்பவும் அப்படித்தான்." கையைத் தட்டிக்கொடுத்தார். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. உன்ன எனக்குப் புடிச்சிருக்குது. மூடி மறைக்காம மூஞ்சிக்கு நேரா சொன்ன பாரு. ஆறு மாசம் ஆவட்டும். மாத்திரைய இங்கியே சாப்புட்டு முடிச்சிடு. ஆவணியில முகூர்த்தம் வெச்சிக்கலாம். ஆனா எங்க ஊர்ல ஒரு ஈ காக்காக்குத் தெரியக் கூடாது. கேட்டா தேமல்னு சொல்லிடு."

"அதான், தேமல்தாங்க" என்றாள் அம்மா. கதவுக்கு முன்னால் வந்துவிட்டாள். முகமெல்லாம் பூத்துவிட்டது, மாவுக் கையோடு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூடி மறைக்காததால் பிடித்தது, அதனால் மூடி மறை என்கிறார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அரோகராவோடு கையை நீட்டிச் சொன்ன வாய். அந்தக் கைதான் இப்போது யாரும் தொடாத இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எந்தப் பாதி உறுதிமொழி, எந்தப் பாதி மீறல் என்று பிரிக்க முயன்றேன். அது அம்மாவின் உளுந்து மாவு போல விரலில் ஒட்டிக்கொண்டது.

அக்கா யோசித்தாள். அவள் யோசிக்கவில்லை, உடனே சொன்னாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் யோசித்தாள். கண்டக்டரை ஒரு தரம் பார்த்தாள். போட்டோவை எவ்வளவு நேரம் வைத்திருந்தாளோ அவ்வளவு நேரம் பார்த்தாள்.

"உங்க ஊருக்கு வந்தாலும் நான் பால்வாடி வேலைக்குத்தானங்க போவேன்? அங்கயும் முகாம் போடுவாங்க. வீடு வீடா போயி வாங்கன்னு நாந்தான் கூப்புடணும். நான் தேமல்னு சொல்லிக்கினு, அவங்கள ஸ்டூல்ல வந்து உக்காருன்னு எப்பிடிங்க சொல்றது?"

"வேலைய வுட்டுடேன்."

"வேலைய வுட்டாலும் கேட்டா சொல்லிடுவேங்க. எனக்கு வராது."

"அம்மா, ஆறு மாசம்தான?" என்றான் கண்டக்டர். அக்கா விஷயத்தைச் சொன்ன பிறகு அவன் சொன்னது அது ஒன்றுதான்.

"நீ சும்மா இருடா. நீ பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது உனுக்கு இன்னா தெரியும்?" அக்காவிடம் திரும்பினார். "நீ சொல்றது நாயம். என்னால ஆவாதும்மா. ஒரு தடவ பாத்துட்டேன். ரெண்டாந்தடவ பாக்க ஒடம்புல தெம்பு இல்ல."

அவன் சொம்பைக் கீழே வைத்தான். அந்தச் சம்பந்தம் அங்கேயே நின்றது.

அம்மா பல வருஷம் அந்த அம்மாவைத் திட்டினாள். பிறகு அக்காவைத் திட்டினாள். முகாமை, காலண்டரை, மதியத்தோடு விட்டுப்போன பௌர்ணமியை எல்லாம் திட்டினாள். சாயங்காலமே வந்திருந்தால் நீளக் கை ரவிக்கை போதும் என்பது அவள் கட்சி. அக்கா ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாள். வெற்றிலை மங்கி மங்கி, இப்போது தேடினால்தான் தெரியும். சில வருஷம் கழித்து கலசபாக்கம் பக்கம் வாழ்க்கைப்பட்டாள், அந்த வீட்டிலும் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான். இப்போதும் பால்வாடி டீச்சர்தான்.

ஜனவரி முப்பதில் சங்கு ஓய்ந்து, கை நீட்டி, கை தாழ்த்தி, விசிறியைப் போட்ட பிறகு நான் அவளுக்குப் போன் செய்வேன். அவளுக்கு அந்தத் தேதி நினைவிருக்காது. "தைப் பௌர்ணமியன்னிக்கு இல்ல அது? பௌர்ணமி இன்னும் வரலியே" என்பாள். அவளுடைய நாள் வருஷா வருஷம் இடம் மாறிக்கொண்டே போகிறது, சில வருஷம் முன்னால், சில வருஷம் பின்னால். என்னுடைய நாள் ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் நிற்கிறது. நடந்தது ஒன்று. அதற்கு நாள் இரண்டு. எந்த நாளில் நின்று அதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவை வெறுக்க ஒரு நாளும், நேசிக்க ஒரு நாளும் இருந்தால் சௌகரியம். இரண்டும் ஒரே முழங்கையில் வந்து விழுகின்றன.

அன்றைக்கு அவர்கள் கிளம்பும்போது வெயில் ஏறியிருந்தது. கிரிவலத்தில் மிச்சமிருந்த தூரத்தை நடந்தாக வேண்டும். பாதியில் விட்டால் ஆகாது. மகன் முன்னால் போய்ப் பாதை ஓரத்தில் நின்றான். மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த அம்மா வாசல் வரை போனார். போனவர் திரும்பி வந்தார். அம்மா நிமிர்ந்தாள், மனசு மாறிவிட்டது என்று நினைத்தாள். நானும் நினைத்தேன். அவர் அம்மாவையும் என்னையும் பார்க்கவில்லை. அக்காவின் ரவிக்கைக் கை இன்னும் சுருட்டியபடியே இருந்தது. அதைப் பிரித்து, கீழே இழுத்து, சுருக்கத்தை நீவிவிட்டார்.

"வெறும் வயித்துல மாத்திர போடாத" என்றார். "சோறு தின்னுட்டுப் போடு. ஒரு நாளும் வுட்றாத, இன்னா?"

"சரிங்க அத்த" என்றாள் அக்கா.